கிண்ணத்துல தண்ணி வெச்சா பச்சோந்தி குடிக்காது

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதி நாய்க்குட்டி வாந்தி, அதெல்லாம் அடுத்த வாரம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து மட்டும் பச்சோந்தி பத்தி நாலு பேர் எழுதியிருக்காங்க, எல்லாரும் பேசி வெச்சு எழுதின மாதிரி. அதனால இந்த வாரம் முழுக்க பச்சோந்திதான்.

கேள்வி: அண்ணா, எங்க மாந்தோப்புல மருந்தடிக்க வந்த பசங்க ஒரு பச்சோந்திய புடிச்சு என் பையன் கையில குடுத்துட்டு போயிட்டாங்க. அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு வெச்சிருக்கான். தக்காளி, சோறு, பால் எல்லாம் வெச்சு பாத்தாச்சு, மூணு நாளா ஒண்ணும் தொடல. இதுதான் என் ஃபர்ஸ்ட் பெட்னு பேரெல்லாம் வெச்சுட்டான். என்னதான் திங்கும் அது? - ஒரு அம்மா, காவேரிப்பட்டணம்

அம்மா, சோறும் திங்காது தக்காளியும் திங்காது. அதுக்கு உயிரோட அசையற பூச்சி வேணும், அசையாததை அது சாப்பாடுனே நினைக்காது. ஆனா பூச்சி புடிச்சு போட ஆரம்பிச்சிடாதீங்க, அதை வீட்டுல வெச்சுக்கவே கூடாது. நம்மூர் பச்சோந்தி 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வர்ற உயிரு, புடிக்கறது விக்கறது வளக்கறது எல்லாமே குத்தம், பையன் ஆசையா வெச்சிருக்கான்னு சொன்னா கேஸ் நிக்காம போயிடாது. இந்தியாவுக்குன்னு இருக்கறதே இந்த ஒரு பச்சோந்தி இனம்தான். ஓசூர் பக்கம் போனா கன்னடம் பேசறவங்க கோசும்பெம்பாங்க, தெலுங்குக்காரங்க ஊசரவெல்லிம்பாங்க, மூணு பாஷைலயும் திட்டறதுக்குத்தான் அந்த பேர் அதிகமா உபயோகம் ஆகுது, பாவம்.

இன்னிக்கே வெயில் இருக்கும்போதே புடிச்ச அதே மரத்துக்கு கொண்டு போங்க, மருந்தடிச்ச ஈரம் இன்னும் இருந்தா பக்கத்துல அடிக்காத புளியமரமோ வேலியோ பாத்து விடுங்க. கையால இழுத்து ஒட்ட வெக்காதீங்க, ஒரு குச்சிய அது முன்னாடி நீட்டினா தானா ஏறிக்கும், அந்த குச்சிய கிளையில சாய்ச்சு வெச்சுட்டு வந்துடுங்க. அடிபட்டிருந்தாலோ எந்திரிக்க முடியாம கெடந்தாலோ மரத்துல விடாம பக்கத்து வனச்சரக ஆபீஸ்ல சொல்லிடுங்க.

பையன் அழுவான். அவன்கிட்ட ஒரு டார்ச் குடுத்து ராத்திரி எட்டு மணிக்கு மேல தோப்புக்கு கூட்டிட்டு போங்க, பாம்பு பாத்து. பச்சோந்தி கிளையோட நுனியில போய்தான் தூங்கும், தூங்கறப்போ வெளுத்து போயிருக்கும், வெளிச்சம் பட்டா இலைக்கு நடுவுல வெள்ளையா பளிச்சுனு தெரியும். பகல்ல தேடினா கெடைக்கவே கெடைக்காதது ராத்திரி சுலபமா மாட்டும்.

கேள்வி: ப்ரோ, நான் சிப்காட்ல வேலை பாக்கறேன். வெய்ல்டு கெமிலியன், அதான் ஏமன் நாட்டு பச்சோந்தி, குட்டி ஒண்ணு வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. பழைய மீன் தொட்டில வெச்சு ஜன்னல் ஓரமா வெயில் படற மாதிரி வெச்சிருக்கேன், கிண்ணத்துல தண்ணி மாத்தறேன், டெய்லி கையில எடுத்து பழக்கறேன். ஆனா ஒரு வாரமா பகல்லயே கண்ண மூடிட்டு இருக்கு. தூக்கமா இல்ல சோம்பலா? - வாசகர், ஓசூர்

தம்பி, தூக்கமும் இல்ல சோம்பலும் இல்ல, பச்சோந்தி பகல்ல கண்ண மூடினா அதுக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம். இந்த பிராணி நோவு வந்தா கடைசி வரைக்கும் காட்டிக்காது, காட்டிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னா நாம லேட்டுன்னு அர்த்தம். மீதிய படிக்கறதுக்கு முன்னாடி பெங்களூர்ல ஊர்வன பாக்கற எக்ஸாட்டிக் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடு, உனக்கு நாப்பது கிலோமீட்டர்தான்.

போட்டாச்சா? இப்ப கேளு. கோச்சுக்காத, நீ எழுதுனதுல பாதி நானும் பண்ணவன்தான். என்னோட முதல் பச்சோந்திக்கு வித்தவர் சாதா டியூப்லைட் போதும்னாரு, நானும் நம்பிட்டேன். நாலு மாசத்துல முன்னங்கால் வில்லு மாதிரி வளைஞ்சு, கிளைய புடிக்க முடியாம முழங்கைய ஊனி ஊனி நடந்துச்சு, அத பாத்த அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

விஷயம் என்னன்னா அதுக்கு யூவிபி கதிர், அதாவது வெயில்ல இருக்கற ஒரு வகை புற ஊதாக்கதிர் வேணும், அது தோல்ல பட்டாத்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தாத்தான் தின்ன கால்சியம் எலும்புல சேரும். ஜன்னல் கண்ணாடி அந்த யூவிபிய கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும், வெளிச்சமும் சூடும் மட்டும்தான் உள்ள வரும், அதாவது நீ ரெண்டு மாசமா அத சும்மா வேக வெச்சிருக்க. ஊர்வனவுக்குன்னு விக்கற நீட்டு T5 (மெல்லிசு டியூப்லைட் சைஸ்) யூவிபி டியூப் வாங்கி டெய்லி 12 மணி நேரம் எரிய விடு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்து, பல்பு எரியும் ஆனா கதிர் தீர்ந்து போயிருக்கும். கூடவே கால்சியம் பவுடர், டி3 இல்லாதது, பூச்சிய ஒரு கவர்ல போட்டு குலுக்கி அநேகமா தெனமும் குடு, டி3 கலந்ததும் மல்ட்டிவைட்டமினும் மாசத்துக்கு ரெண்டு தடவை போதும்.

தொட்டிய மீனுக்கே விட்டுடு. பச்சோந்திக்கு காத்து ஓடணும், நாலு பக்கமும் வலை அடிச்ச கூண்டு, பெருசானப்புறம் அகலம் ரெண்டடி ஒசரம் நாலடி. உள்ள செம்பருத்தி செடி தொட்டியோட வெச்சுடு, அது இலையையும் கடிக்கும், கடிச்சா பரவால்ல. அரளி மட்டும் வேண்டவே வேண்டாம், விஷம். மேல சூடு தர்ற பல்பு ஒண்ணு, அதுக்கு கீழ கிளையில 30 டிகிரி இருந்தா போதும், கீழ வர வர கொறையணும். ஓசூர் ஒசரத்துல இருக்கறதால ராத்திரி குளுரு வரும், வளந்த வெய்ல்டு ஏமன் மலைக்காரன், ஓரளவு தாங்கும். தர்மபுரிக்காரங்களுக்குத்தான் சித்திரை வெயில் பிரச்னை, 35 தாண்டிச்சுன்னா வாய தொறந்து மூச்சு வாங்கும், அப்ப பல்ப அணைச்சுட்டு தண்ணி தெளிங்க.

தண்ணி கதைக்கு வரேன், ஏன்னா இதுலயும் நெறைய சாகுது. கிண்ணத்துல நிக்கற தண்ணிய பெரும்பாலும் கண்டுக்கவே கண்டுக்காது, இலையில உருளற சொட்டத்தான் நக்கி குடிக்கும். மெடிக்கல்ல க்ளூகோஸ் ஏத்தற டியூப் செட் வாங்கி ஒரு வாட்டர் பாட்டில்ல மாட்டி கூண்டுக்கு மேல தொங்க விடு, சக்கரத்த திருப்பி செகண்டுக்கு ஒரு சொட்டு செம்பருத்தி இலையில விழற மாதிரி வை. தள்ளி உக்காந்து பாரு. மொதல்ல ஒரு கண்ணு மட்டும் சொட்டு பக்கம் திரும்பும், இன்னொரு கண்ணு உன்னையே பாத்துட்டு இருக்கும். அப்புறம் ஒரு கால தூக்கி முன்ன பின்ன ஆடி ஆடி வரும், மூஞ்சிய இலைகிட்ட கொண்டு போயி மென்னுற மாதிரி வாய அசைக்கும், இந்த கூத்து சில நாள் கால்மணி நேரம் கூட நடக்கும். அதோட எச்சத்துல வெள்ளையா ஒரு கட்டி இருக்கும், அது வெள்ளையாவே இருந்தா தண்ணி பத்துது, ஆரஞ்சா போனா பத்தல. கண்ணு குழி விழுந்தாலும் அதேதான்.

கையில எடுத்து பழக்கறத நிறுத்து. அது நாய் இல்ல தம்பி, உன் கையில அமைதியா நிக்குதுன்னா பாசம் இல்ல பயம்.

அப்புறம் பேப்பர். எல்லா பச்சோந்தியும் சைட்டிஸ் பட்டியல்ல, அதாவது நாடு விட்டு நாடு வனவிலங்கு விக்கறத கட்டுப்படுத்தற ஒப்பந்தத்துல இருக்கு, வெளிநாட்டு இனமா இருந்தாலும் 2024ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். பில் இல்லாம வாங்கியிருந்தா வித்தவர்கிட்ட மொதல்ல அத கேளு.

கேள்வி: செவப்பு துணி மேல விட்டா செவப்பா, பச்சை துணி மேல விட்டா பச்சையா மாறுமா? மாறும்னு என் மச்சான் பெட் கட்டியிருக்கான். - பென்னாகரம்

மச்சான் தோத்துட்டார். துணிய பாத்து மாறாது, கோவம், பயம், ஜோடி தேடறது, குளுரு இதுக்கெல்லாம்தான் நிறம். காலைல குளுருச்சுன்னா வெயில இழுக்க கருப்பா ஆகும். தோலுக்குள்ள இருக்கற நுண்ணிய படிகங்களோட இடைவெளிய மாத்தித்தான் நிறத்த மாத்துதுன்னு 2015ல ஜெனீவா யுனிவர்சிட்டிகாரங்க கண்டுபிடிச்சாங்க. பெட் காசுல எனக்கு பங்கு வேண்டாம்.

கேள்வி: சார், நாங்க மல்பெரி போட்டு பட்டுப்புழு வளக்கறோம். பெங்களூர்ல இருந்து ஒரு பையன் வந்து, பச்சோந்திக்கு போடணும், நூறு புழு குடுங்கன்றான். கிண்டல் பண்றானா? - விவசாயி, பாலக்கோடு

கிண்டல் இல்லீங்க, நெஜமாவே கேக்கறார். பட்டுப்புழு பச்சோந்திக்கு அருமையான தீனி, சதை மெத்துனு இருக்கும், தண்ணிச்சத்து அதிகம், கிரிக்கெட்னு சொல்ற சுவர்க்கோழி பூச்சி மாதிரி ஓடி ஒளியாது. தினமும் அதையே குடுக்கக்கூடாது, மாத்தி மாத்தி குடுக்கணும், அது அவர் பாடு. உங்க பக்கம் பாத்துக்க வேண்டியது, படுக்கையில மருந்துப்பொடியோ சுண்ணாம்போ தூவின புழுவ எடுக்காதீங்க, நோய் வந்து ஒதுக்கினத தூக்கி குடுத்துடாதீங்க. அஞ்சாம் பருவத்து புழு, அதான் கூடு கட்டறதுக்கு முந்தின கடைசி பருவம், வெரல் தண்டி இருக்கும், பெரிய பச்சோந்திக்குத்தான் ஆகும். பச்சோந்தியோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற அகலத்துக்கு மேல தீனி பெருசா இருக்கக்கூடாது, குட்டின்னா ரெண்டாம் பருவமோ மூணாம் பருவமோ பாத்து எடுங்க.

நூறு புழு ஒரே நாள்ல தீராது, மிச்சத்த அவர் வீட்டுல வளக்கணும், மல்பெரி தவிர வேற இலை போட்டா பட்டினி கெடந்து சாகும். அதனால மருந்தடிக்காத கொழுந்து இலை ஒரு கட்டு ஈரத்துணியில சுத்தி குடுத்து விடுங்க, ஃப்ரிட்ஜ்ல நாலு நாள் தாங்கும். இலைக்கு தனியா காசு வாங்கிக்குங்க.