மூன்று எழுத்து, நான்கு வேர்

கேள்வி: ஆங்கிலத்தில் சட்டி, ஸ்பானிய மொழியில் ரொட்டி, போலந்தில் ஐயா, கிரேக்கத்தில் ‘எல்லாம்’. நான்குக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்: பி, ஏ, என். நான்கும் நம் ‘பானை’யிலிருந்து போனவை, பானையில் சோறுள்ளவனே ஐயா, அவனிடம் எல்லாம் உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. பேக்கரி ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் ‘பாண்’கூட அப்படி வந்ததுதானா?
வாசகர், மட்டக்களப்பு

பதில்: இல்லை. நான்கும் வெவ்வேறு சொற்கள். விளக்கம் எழுதியவர் அவற்றின் இன்றைய எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறார். சொல்லின் பிறப்பைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் மிகப் பழைய வடிவம். அடுத்து, வேற்றுமையிலும் பன்மையிலும் அது எப்படி மாறுகிறது என்பது. பிறகு, உறவு மொழிகளில் அதே சொல் எப்படி ஒலிக்கிறது என்பது. இந்த மூன்றையும் கேட்டிருந்தால் முதல் கேள்வியிலேயே நான்கும் பிரிந்துபோயிருக்கும்.

ஸ்பானிய ரொட்டியிலிருந்து தொடங்குவோம். அதன் மூலம் லத்தீன் ‘பானிஸ்’. செயப்படுபொருளாக வரும்போது ‘பானெம்’. கடைசி ‘ம்’ முதலில் தேய்ந்தது, பிறகு ஸ்பானிய மொழியில் ‘எ’யும் உதிர்ந்து ‘பான்’ நின்றது. இத்தாலியில் அந்த ‘எ’ இன்றும் இருக்கிறது: ‘பானே’. பிரெஞ்சில் சொல்லின் முடிவே மூக்கொலியாகிவிட்டது. ஒவ்வொரு மொழியும் தனக்குரிய விதிப்படி மாற்றியிருப்பதால் இந்த உறவில் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்துக் ‘கம்பேனியன்’ (கூட்டாளி) என்ற சொல்லுக்குள் இருப்பதும் இந்த ரொட்டிதான். ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்று பொருள். சமையல் சாமான் வைக்கும் ‘பேன்ட்ரி’யைச் சட்டிகள் வைக்கும் அறை என்று ஆங்கிலேயர்களே எண்ணுவதுண்டு. அது பிரெஞ்சு வழியாக வந்த ரொட்டி அறை.

ஆங்கிலச் சட்டியின் பழைய வடிவம் ‘பன்னெ’. ஜெர்மனில் அது ‘ப்ஃபன்னெ’. இங்கே கவனிக்க வேண்டியது முதல் எழுத்து. லத்தீனில் ‘ப’ என்று தொடங்கும் பழைய பொதுச் சொற்கள் ஆங்கிலத்தில் ‘ஃப’ என்று தொடங்கும்: தந்தை ‘பாட்டெர்’, ‘ஃபாதர்’, மீன் ‘பிஸ்கிஸ்’, ‘ஃபிஷ்’, பாதம் ‘பெடெம்’, ‘ஃபுட்’. ஆங்கில, ஜெர்மன் குடும்பத்தின் சொந்தச் சொல் ‘ப’வில் தொடங்குவது மிக அரிது. ஆகவே சட்டி கடன் வாங்கிய சொல். தட்டையான பாத்திரத்துக்கு லத்தீனில் வழங்கிய ‘பாட்டினா’தான் அதன் மூலமாக இருக்கக்கூடும் என்பது பலரும் ஏற்கும் கருத்து. வாங்கிய காலத்தையும் ஒலியே காட்டிக்கொடுக்கிறது. பிற்பாடு ஜெர்மனில் ‘ப’ எல்லாம் ‘ப்ஃப’ ஆனபோது இதுவும் சேர்ந்து மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

இதே விதியை ரொட்டிக்கும் வைத்துப் பாருங்கள். ‘பானிஸ்’ என்பதன் வேர் ஊட்டுதல், மேய்த்தல், காத்தல் என்ற பொருளுடையது. அந்த வேரிலிருந்து ஆங்கிலத்தில் பிறந்த சொல் ‘ஃப’வில் தொடங்க வேண்டும். தொடங்கவும் செய்கிறது: உணவைக் குறிக்கும் ‘ஃபூட்’. அதாவது, ஸ்பானிய ரொட்டிக்கு ஆங்கிலத்தில் உறவு ‘ஃபூட்’. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் சட்டி அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. உறவுச் சொற்கள் காலப்போக்கில் வேறுபட்டுத்தான் ஒலிக்கும். அந்த வேறுபாடு ஒரே ஒழுங்கில் பல சொற்களில் திரும்பத் திரும்ப வருவதே சான்று. ஒன்றுபோல் ஒலிப்பது மட்டும் சான்றாகாது.

போலந்து ‘ஐயா’வின் கதையே வேறு. பழைய செக் ஏடுகளில் இச்சொல் ‘ஹ்பான்’ என்று ‘ஹ’வுடன் இருக்கிறது. செக் மொழியில் ‘ஹ’ வரும் இடத்தில் போலந்து மொழியில் ‘க’ வருவது வழக்கம் (மலை: ‘ஹோரா’, ‘கூரா’). ஆகவே தொடக்கத்தில் ஒரு ‘கு’ இருந்து தேய்ந்துபோனது என்று கணித்து, மூலவடிவத்தைக் ‘குபான்’ என்று வைக்கிறார்கள். அதற்கும் முந்திய பிறப்பிடம் பற்றி அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. ஆனால் ‘கு’வில் தொடங்கிய சொல்லைப் பானைக்குள் அடைக்க வழியில்லை.

கிரேக்கத்தில் ‘எல்லாம்’ என்பதன் அடிச்சொல் ‘பான்ட்’. கடைசி ‘ட்’ தனியே நிற்கும்போது மறைந்துவிடும். வேற்றுமை ஏற்றால் ‘பான்டோஸ்’ என்று வெளியே வந்துவிடும். ‘பான் இந்தியா’ படம் என்று சொல்கிறோமே, அந்தப் ‘பான்’ இதுதான்.

இத்தனை வேர்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்பது எப்படி என்று கேட்கலாம். முதலில் 15 மெய், நடுவில் 5 உயிர், முடிவில் 10 மெய் என்று வைத்தால் மொத்தம் 750 கூட்டுகள்தான் கிடைக்கும். ஐரோப்பிய மொழிகள் பலவும் தத்தம் குறுஞ்சொற்களை ஏறக்குறைய இதே அளவு இடத்துக்குள் அமைக்க வேண்டியிருக்கிறது. மோதாமல் இருந்தால்தான் வியப்பு. சொல் குறுகக் குறுக ஒற்றுமையின் மதிப்பும் குறையும். ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ ஆனதை யாரும் மறுப்பதில்லை. அது நீளமான சொல், வாங்கியபோது பொருள் மாறவில்லை, எந்தக் கரையில் யார் வாயிலிருந்து போனது என்பதும் தெரியும். சுருட்டு ‘செரூட்’ ஆனதும் அப்படியே. தமிழ் கொடுத்த சொற்களுக்கு இப்படி உறுதியான சான்று இருக்கும்போது, பானையை இழுத்து வருவது அவற்றின் மீதும் ஐயத்தைக் கிளப்பும்.

உங்கள் பாணுக்கு வருவோம். சங்கப் பாடல்களில் ‘பாண்’ உண்டு, ஆனால் அது பாணரைச் சேர்ந்தது. பேக்கரிப் பாண் போர்த்துக்கேயச் சொல். லத்தீன் ‘பானெம்’ போர்த்துக்கேய மொழியில் ‘பாவ்ங்’ என்பதுபோல் மூக்கொலியோடு ஒலிக்கும். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரிடமிருந்து தமிழும் சிங்களமும் இதை எடுத்துக்கொண்டன. மூக்கொலியைப் பற்றிக்கொண்ட இலங்கையில் ‘பாண்’; 1543இல் அவர்கள் போய் இறங்கிய ஜப்பானிலும் ரொட்டிக்குப் பெயர் ‘பான்’. அதே சொல்லில் ‘வ்’ ஒலியைப் பற்றிக்கொண்டவர்கள் மராத்தியர்: ‘பாவ்’. பாவ் பாஜியில் வருவது அது. ஆகவே நீங்கள் ஒரு றாத்தல் பாண் வாங்கும்போது சொல்வது, ஸ்பானியர் தம் ரொட்டிக்குச் சொல்லும் அதே சொல்.