முட்டி தேய்ந்துவிட்டதா? முழங்கால் வலி, கேள்வி பதில்

(பதில் சொல்பவர் ஓட்டக்காரர்களின் முழங்கால்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் இயன்முறை மருத்துவர்.)

மதுரை, வயது 34: ஐயா, மூன்று மாதமாக ஓடுகிறேன். படி இறங்கும்போதும், படம் முடிந்து நாற்காலியை விட்டு எழும்போதும் முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது. முட்டி தேய்ந்துவிட்டதா?

இல்லை. தேய்வதற்கு அது என்ன மாட்டுவண்டிச் சக்கரமா? தொடை எலும்பின் முனையில் ஒரு பள்ளம் உண்டு. சில்லு அதில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். கால் மடங்கிய நிலையில் எடை தாங்கினால் அது பள்ளத்தில் அழுந்தும். படி இறங்கும்போது வலிப்பது அதனால்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். என்னிடம் இந்த வலியோடு வருபவர்களில் பலர் ஒரே மாதத்தில் ஐந்திலிருந்து பதினைந்துக்குத் தாவியவர்கள்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், தூரத்தைப் பாதியாக்குங்கள். பத்துக்கு மூன்று என்ற அளவு வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பரவாயில்லை. காலடியைச் சற்றுக் குறுக்கி வையுங்கள். வாரம் மூன்று நாள், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குங்கள். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால் முட்டி உள்பக்கம் சாயும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

கோவை, வயது 52: ஜவ்வு கிழிந்திருப்பதாக எம்ஆர்ஐயில் வந்திருக்கிறது. படத்தை அனுப்பட்டுமா?

வேண்டாம். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். ஜவ்வு என்று இங்கே சொல்வது முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் தொல்லையே இல்லை. 2008இல் வெளிவந்த ஆய்வு. ஆனால் முட்டி பாதியில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ, திருகி விழுந்த சில மணி நேரத்தில் வீங்கினாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

திருச்சி: உட்காரும்போது மடக் மடக்கென்று சத்தம். வலி இல்லை.

சத்தம் போடட்டும்.

சென்னை: தோப்புக்கரணம் போடலாமா? முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாது என்கிறார் பயிற்சியாளர்.

படி ஏறும்போதே தாண்டுகிறதே! வலுக்கட்டாயமாகப் பின்னால் இழுத்தால் சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகும். போடலாம், பத்தில் தொடங்குங்கள்.

திருநெல்வேலி: குறுக்கிடுகிறேன். எங்கள் ஆச்சி எண்பது வயதிலும் குந்தி உட்கார்ந்து அரிசி புடைத்தார். நாற்காலிதான் நம்மைக் கெடுத்தது.

பாதி சரி. ஆச்சி ஒரு நாளும் விடாமல் குந்தினார். நீங்கள் முப்பது ஆண்டு நாற்காலியில் இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது போடுகிறீர்கள்.

திருநெல்வேலி: அப்படியானால் குந்துவது நல்லது என்றுதானே ஆகிறது?

அப்படியும் ஆகாது. நாள்தோறும் மணிக்கணக்கில் குந்தி வாழ்ந்தவர்களிடம் மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இருந்ததை பெய்ஜிங் ஆய்வு ஒன்று காட்டியது. பத்துத் தோப்புக்கரணம் வேறு, மூன்று மணி நேரம் குந்துவது வேறு. ஆச்சியைப் பற்றி இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லா ஆச்சிகளுக்கும் என் வணக்கம். முட்டி வலித்த ஆச்சிகளைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதவில்லை?

ஈரோடு: முட்டி தேய்ந்துவிட்டதா ஐயா?

முதல் பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: அம்மாவுக்கு 63 வயது. காலையில் பத்து நிமிடம் முட்டி விறைப்பு, நடந்தால் சரியாகிறது. நடைப்பயிற்சியை நிறுத்தச் சொல்கிறார்கள்.

இதுதான் தேய்மானமாக இருக்கக்கூடியது. இதற்கும் முதல் மருந்து நடையும் தொடைத் தசைப் பயிற்சியும்தான். எடை கூடுதல் என்றால் ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடியிலும் முட்டியின் சுமை சுமார் நான்கு கிலோ குறையும். நிறுத்தச் சொன்னவர்களையும் கூட நடக்கச் சொல்லுங்கள்.

வேலூர்: மகனுக்கு 13 வயது. கால்பந்து ஆடுகிறான். சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது.

வளரும் வயதில் தசைநார் எலும்பை இழுக்கும் இடம் அது. ஆட்டத்தைக் குறைத்தால் அடங்கும். நொண்டினால் மட்டும் உடனே இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இடுப்பு வலி முட்டியில் தெரியும்.

சேலம்: நாளை 21 கிலோமீட்டர் ஓட்டம். இன்று முட்டி வீங்கியிருக்கிறது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிவிடட்டுமா?

கூடாது.