ஹட்டன்ல விடாத மழை. இந்த ஆகஸ்ட் லீவுல பிள்ளைங்களோட கடலுக்குப் போறது பைத்தியக்காரத்தனமா?

இல்லை. கடல் குளிக்க ஏற்றதா இல்லையா என்பதற்கு உங்கள் கூரையில் விழுகிற மழையே பாதிப் பதில். எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பது மீதிப் பாதி.

காலிமுகத்திடலோ நீர்கொழும்போதான் உங்கள் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவிசாவளை வழியாக இறங்கினால் அவைதான் கிட்ட. இந்த மாதம் அந்தப் பக்கம் வேண்டாம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் நேரே வந்து அடிக்கும். கொழும்பில் கடலைக் கலக்குகிற காற்றுதான் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் மழையாகக் கொட்டுகிறது.

மலையில் இருக்கிறவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க ஆள் வரும். வரட்டும். கரையில் பிறந்தவருக்கு அவர் கரையைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரியும், மறுக்கவில்லை. ஆனால் தீவின் காற்றை இரண்டாகப் பிரிப்பது இந்த மலைதான். மேற்குச் சரிவில் ஏறும்போது காற்று குளிர்ந்து ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் ஊவாவுக்கு இறங்கும்போது சூடேறிக் காய்ந்துபோகிறது. அதுதான் கச்சான். கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பண்டாரவளை, பதுளைப் பக்கத் தேயிலைக்கு வாசம் ஏறுவது இந்தக் காய்ந்த காற்றால்தான். அதே காற்று கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் அலையைக் குலைப்பதில்லை.

ஆகவே ஊவாவில் தேயிலைச் சீசன் என்றால் பாசிக்குடா, நிலாவெளி, உப்புவெளி, அறுகம் குடா. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ள, தலவாக்கலைப் பக்கம் சீசன் என்றால் ஹிக்கடுவை, உணவட்டுன, வெலிகம. தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரிடம் கேட்டாலே போதும், கடல் எந்தப் பக்கம் நல்லது என்று தெரிந்துவிடும். மார்ச், ஏப்ரலில் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடி இடிக்கும். முதல் முழக்கம் கேட்டதும் தண்ணீரை விட்டு வெளியே வரவேண்டும். நவம்பரில் கிழக்கை மறந்துவிடுங்கள். மட்டக்களப்பைச் சிதைத்த 1978 சூறாவளி நவம்பர் 23இல் வந்தது. 2025 டித்வாவும் நவம்பர் கடைசிதான். அது நம் மலைகளையும் சரித்துவிட்டுப் போனது.

சின்னப் பிள்ளைகள் என்பதால் பாசிக்குடாவைத்தான் சொல்வேன். வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர், அலை குறைவு. அறுகம் குடா அலைச்சறுக்குக்குப் பேர்போனது, ஆனால் அதன் பெரிய முனையில் அடியில் பாறை, குத்துகிற கடல் முள்ளெலிக்கும் குறைவில்லை. காற்றே இல்லாத நாளிலும் அங்கே அலை வரும். அது தெற்கே வெகுதூரத்துப் புயல் கிளப்பி அனுப்பியது. கரையில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். ஓர் அலை உடைந்து அடுத்தது உடைய ஆறேழு செக்கன் என்றால் பக்கத்துக் காற்றின் அலை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் தூரத்து அலை. இதுதான் ஆளை ஏமாற்றும். பத்து நிமிடம் குளம் போலக் கிடக்கும், பிறகு நாலைந்து பெரிய அலை ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதனால் செருப்பைக் கழற்றுமுன் இருபது நிமிடமாவது உட்கார்ந்து பார்க்கவேண்டும். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும்.

அந்த இருபது நிமிடத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். வரிசையாக வெள்ளை நுரை உடைகிற இடத்தில், நடுவே ஐந்து பத்து மீற்றர் அகலத்துக்கு மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கறுத்தோ மண் கலங்கியோ தெரியும். பார்க்க அமைதியான இடமாக இருப்பதால் எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. சந்தேகம் என்றால் காய்ந்த பாளைத் துண்டு ஒன்றை எறிந்து பாருங்கள். கரைக்கு வராமல் உள்ளே போனால் அங்கே இறங்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது; களைத்துப்போவதால்தான் ஆட்கள் மூழ்குகிறார்கள். மிதந்து கையைத் தூக்கிக் காட்டவேண்டும், முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி நுரை உடைகிற இடத்துக்குப் போய், அலையோடு வெளியே வரவேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீச்சல் பழகிய பொடியன்கள்தான் இதில் அதிகம் ஏமாறுவார்கள். அங்கே தண்ணீர் ஆளை இழுப்பதில்லை.

வற்றுப்பெருக்கு, அதாவது கடல் ஏறி இறங்குவது, பற்றியும் ஒரு வார்த்தை. நம் தீவில் அது சின்ன விசயம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் போயா என்கிற பௌர்ணமியிலும் அமாவாசையிலும்கூட ஒரு மீற்றருக்குள்தான். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். கவனிக்க வேண்டியது முகத்துவாரங்களில் மட்டும். பென்தோட்டையிலும் மட்டக்களப்பிலும் வற்றும் நேரம் களப்புத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒடுங்கிய வாயால் பாயும். அங்கே குளிக்கவே வேண்டாம். கடல் திடீரென்று வழமைக்கு மீறி உள்வாங்கினால் அது வற்று அல்ல. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு போயா, அப்படித்தான் சில இடங்களில் மீன் பொறுக்க இறங்கினார்கள். மேட்டுக்கு ஓடவேண்டும்.

குளிக்க நல்ல நேரம் காலை ஆறரை முதல் பத்து வரை. பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பும். இரவெல்லாம் வேனில் வந்து, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டு, நடு மத்தியானம் சேலையோடு இறங்குவதுதான் நம் ஆட்களின் வழக்கம். நனைந்த சேலை காலைச் சுற்றினால் முழங்கால் தண்ணீரிலும் எழும்பமுடியாது. சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள், தனிச் சிவப்பு என்றால் இறங்காதீர்கள். அவசரத்துக்கு 119, அம்புலன்சுக்கு 1990.

கேட்காத ஒன்று. நான் பார்த்த சில கரைகளில் எச்சரிக்கைப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் இருக்கும், தமிழ் இருக்காது. ‘அனதுருதாயகயி’ என்றால் ஆபத்து. பிள்ளைகள் பள்ளியில் படிப்பதால் வாசித்துவிடுவார்கள், கூட வருகிற பாட்டிமாருக்கு நீங்கள்தான் வாசித்துக் காட்டவேண்டும். இன்னொரு வரி எழுத எத்தனை டின் பெயின்ற் போகும் என்று எனக்கு விளங்கவில்லை.