பொங்கலுக்கு முன் சுவரில் உப்பு பூத்தால்: சுண்ணாம்பா, எமல்ஷனா?

கேள்வி: வேலூர் வேலப்பாடியில் எங்கள் வீடு. மாமனார் கட்டியது, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூடத்திலும் பின் அறையிலும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்குச் சுவர் பொரிந்து உதிர்கிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்தான் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தோம். அதே இடத்தில் திரும்ப வந்திருக்கிறது. ஈரத்தைத் தடுக்கும் டேம்ப் ப்ரூஃப் பூச்சு அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் பெயின்டர். மாமியாரோ பேசாமல் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு மட்டும்தான் லீவு. பொங்கலுக்குள் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் இருக்கிற எமல்ஷன் மேலேயே சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள், அது ஒட்டாது. போகிக்குள் ஏடு ஏடாகக் கழன்று கையில் வந்துவிடும். கீழ்ப்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு அங்கே சுண்ணாம்பு அடியுங்கள். மேல்பகுதி நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பட்டி, பிரைமர், எமல்ஷன் எல்லாம் பங்குனி வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு முன் அந்தச் செலவைச் செய்தால் அடுத்த பொங்கலுக்கும் இதே கேள்வியைத்தான் கேட்பீர்கள்.

தரையிலிருந்து ஒரே சீராக இரண்டு, மூன்று அடி வரை வருகிறது என்றாலே அது ஓதம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மண்ணிலிருக்கிற ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. வரும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு தங்கிவிடும். தங்குகிற உப்பு படிகமாகும்போது இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் பெயின்டும் பட்டியும் உப்பி, பொரிந்து, உதிர்கின்றன. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மண் ஊறிக் கிடக்கிற மார்கழியில் சுவர் ஈரமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கோட்டை அகழி நிரம்பினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் ஏறுவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

இப்போது டேம்ப் ப்ரூஃப் விஷயத்துக்கு வருகிறேன். உள்பக்கம் அந்தப் பூச்சை அடித்தால் ஈரம் வெளியேறுகிற வழி அடைபடும். ஈரம் நின்றுவிடாது, இன்னும் ஓர் அடி மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் எட்டிப்பார்க்கும். இரண்டரை அடியில் இருந்த பொரிவு நாலடிக்குப் போனதாகச் சொல்லும் வீடுகளில் விசாரித்தால், பாதிக்குப் பாதி இந்த வைத்தியம் நடந்திருக்கும். பெயின்டர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. மாடியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கும் வெளிச்சுவரில் அடிக்கும் சாரலுக்கும் வெளிப்பக்கமாக அடிக்க அந்தப் பூச்சு நல்லதுதான். உங்கள் வியாதிக்கு அந்த மருந்து இல்லை, அவ்வளவுதான்.

சுண்ணாம்பு வேறு மாதிரி. அது சுவரின் துளைகளை அடைக்காது. ஈரம் அதன் வழியாகவே ஆவியாகிப் போய்விடும். அடித்த சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. அடிக்கும்போது தண்ணீர் மாதிரி மங்கலாகத் தெரிவது, காயக் காயப் பளிச்சென்று வெளுக்கும். உப்பு இதிலும் பூக்கும், மறைக்கவில்லை. ஆனால் பட்டியோடு பாளம் பாளமாக வராது, மாவு போல உதிரும். துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த வருஷம் ஒரு கை அடித்தால் போதும், செலவும் குறைவு.

முதல் ஞாயிறு காலையில் சுரண்ட ஆரம்பிக்கும் முன், ஈரம் வேறு எங்கிருந்தும் வருகிறதா என்று வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையா? துவைக்கிற கல் சுவரை ஒட்டி இருக்கிறதா? பூந்தொட்டி வரிசை, குவித்து வைத்த மண், மாடித் தண்ணீர் விழுகிற குழாய், சரிவு இல்லாமல் தேங்கும் கால்வாய் இருக்கிறதா? துவைக்கிற கல்லைத் தள்ளி வைத்ததாலேயே பாதி ஓதம் வற்றிய வீடுகள் உண்டு. அப்புறம் தெருவைப் பாருங்கள். ரோட்டின் மேல் ரோடு போட்டு, தெரு மட்டம் உங்கள் வாசற்படிக்கு மேல் ஏறியிருந்தால் மழைத்தண்ணீர் எல்லாம் உங்கள் அஸ்திவாரத்தில்தான் இறங்கும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் அடுத்து ரோடு போட வரும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பொரியாத இடமாகப் பார்த்து ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது மார்கழிப் பனியின் வேலை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே குறையும்.

சுவரை விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள். நன்றாக இருக்கிற பூச்சு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பிடி விட்ட பூச்சு உள்ளே காலி என்பது போல டொக் டொக் என்று கேட்கும். அந்த இடத்தைச் சுண்ணாம்பால் காப்பாற்ற முடியாது, தட்டி எடுக்க வேண்டியதுதான். சுவரே வெளியே பிதுங்கியிருந்தாலோ, விரல் நுழைகிற விரிசல் இருந்தாலோ, மழைக்குப் பிறகு விரிசல் வளர்ந்திருந்தாலோ இந்தப் பதிலை இதோடு நிறுத்திவிட்டு ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தது நம் மாவட்டத்தில்தான்.

சுரண்டும் வேலை. முதலில் மெயினை அணையுங்கள். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கும்போது இரும்புத் தகடு பிடித்து வேலை செய்வது விளையாட்டில்லை. பொரிவு முடிகிற இடத்துக்கு ஓர் அடி மேலே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் மூன்றரை அடி. அதற்குக் கீழே எமல்ஷன், பட்டி எல்லாவற்றையும் தகட்டால் சுரண்டிப் பூச்சு தெரியும்வரை எடுங்கள். பட்டி கொஞ்சம் மீந்தாலும் சுண்ணாம்பு அங்கே பிடிக்காது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அன்றைக்குச் சித்தி வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடட்டும்.

முக்கியமான ஒன்று: உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த நார் பிரஷ்ஷோ பழைய தென்னந்துடைப்பமோ போதும். உதிர்ந்ததைச் சுவர் ஓரத்தில் விடாமல் அள்ளி வெளியே கொட்டிவிடுங்கள். அந்த வாரம் முழுக்க அலமாரி, கட்டில் எல்லாம் சுவரை விட்டு ஓர் அடி தள்ளியே இருக்கட்டும். பகலில் ஜன்னலைத் திறந்து, ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள்.

சாமான் வாங்குவதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பொங்கல் வாரத்தில் லாங் பஜார் பக்கம் கரும்பு, மஞ்சள் கொத்து, பானை வாங்க வருகிற கூட்டத்தில் சுண்ணாம்பு மூட்டையோடு வண்டியைத் திருப்பக்கூட முடியாது. கல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே நல்லது. நேரமில்லையென்றால் நீர்த்த சுண்ணாம்புத் தூள் பாக்கெட் வாங்குங்கள். வாங்கும்போது அது வெறும் சாக்பவுடர் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல் சுண்ணாம்பு என்றால் வாரநடுவில் ஒரு சாயங்காலம் தாளித்துவிட வேண்டும், அதாவது தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் பக்கெட் இளகிப்போகும், இரும்பு அண்டாவிலோ டிரம்மிலோ போடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். கொஞ்சம் தண்ணீரில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தள்ளி நில்லுங்கள், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள். நல்லெண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம், அதில் போகிற நேரத்தில் பார்வை போய்விடும். அண்டாவுக்கு மூடி போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு கிலோ கல்லுக்கு மொத்தம் ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கெட்டியாக இருந்தால் நன்றாக மூடும் என்று பலரும் குழம்பு பதத்தில் அடிப்பார்கள், அதுதான் பிறகு வெடித்து உதிரும். பால் பதம்தான் சரி. முதுகு உரசினால் ஒட்டாமல் இருக்க அரிசிக் கஞ்சியை வடிகட்டிச் சேர்க்கலாம், அல்லது கோந்தை வெந்நீரில் கரைத்து விடலாம். மஞ்சள் தட்டாமல் இருக்கத் துணிக்குப் போடும் நீலம் துளி போதும். கொஞ்சம் கூடினாலும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும்.

இரண்டாம் ஞாயிறு அடிக்கும் நாள். மட்டை பிரஷ்ஷால் மேலிருந்து கீழ் ஓர் இழுப்பு, அதன் மேலேயே கீழிருந்து மேல் ஓர் இழுப்பு, காய்வதற்குள் வலமும் இடமும் ஒவ்வொன்று. இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு கோட்டு. அது நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த கோட்டு. சுரண்டிய பூச்சுக்கு மூன்று கோட்டு வேண்டும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று முடித்துவிடலாம். பனி அதிகமிருந்து காயவில்லையென்றால் மூன்றாவதைத் திங்கள் கிழமை சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். பிரஷ் ஓரத்தில் வழிந்த சொட்டுகளை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். சிவப்புத் தரையில் காய்ந்துவிட்டால் சுலபத்தில் போகாது.

கீழே சுண்ணாம்பும் மேலே எமல்ஷனும் நிறம் சேராது. அதற்காக மேல்பகுதியையும் சுரண்ட வேண்டாம். இரண்டும் சேருகிற இடத்தில் நான்கு விரல் அகலத்துக்குக் காவிப் பட்டை அடியுங்கள். காவி இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பின் காரத்தில் நிறம் மங்காது. கடையில் விற்கிற எல்லாச் சாயத்துக்கும் அந்தக் குணம் கிடையாது. பொங்கல் வீட்டுக்குக் காவிப் பட்டை அழகுதான், கேட்கிறவர்களிடம் வேண்டுமென்றே அடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சமையலறைச் சுவரும் இந்தக் கணக்கில் சேர்ந்தால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். புகைக் கறை மேல் அப்படியே அடித்தால் இரண்டே நாளில் பழுப்பாக எட்டிப்பார்க்கும்.

இனி வெயில் காலத்துக்கு. மாசி, பங்குனியில் பெயின்டரை விட ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். பொரிந்த உயரத்துக்கு ஒன்றரை அடி மேல்வரை சிமென்ட் பூச்சை இடித்துவிட்டு, செங்கல் தெரியச் சித்திரை வெயில் முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு தரை மட்டத்துக்குச் சற்று மேலே வரிசையாகத் துளையிட்டு ஓதம் தடுக்கும் ரசாயனத்தைச் செலுத்தும் முறை இருக்கிறது. அதைச் செய்து பழக்கமுள்ளவர்களிடம் மட்டும் கொடுங்கள். மறுபூச்சு சுண்ணாம்புக் காரையாக இருந்தால் பழைய செங்கல் சுவருக்கு ஒத்துப்போகும். உங்கள் வீட்டின் முதல் பூச்சே காரையாக இருந்து, நடுவில் யாரோ அதன் மேல் சிமென்ட் பூசியிருக்கவும் வாய்ப்புண்டு. இடிக்கும்போது தெரிந்துவிடும். இதெல்லாம் முடிந்து சுவர் காய்ந்த பிறகு உங்களுக்குப் பிடித்த எமல்ஷனை மேல்பகுதிக்கு அடியுங்கள். கீழே மூன்றடிக்கு அப்போதும் சுண்ணாம்புதான் என் சிபாரிசு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரோடு சேர்த்துக் கதவு ஜன்னலுக்கும் பெயின்ட் அடிக்கத் தோன்றும். ஐம்பது வருஷக் கதவில் பழைய எனாமல் பல அடுக்கு இருக்கும், அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாளை உலர்வாகப் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் கூடம் முழுக்கப் பரவும், தவழ்கிற குழந்தை கையோடு வாய்க்குள்ளும் போகும். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்து, சேற்றைப் பழைய பேப்பரில் வழித்துக் கட்டி எறியுங்கள். உளுத்துப்போன ஜன்னல் சட்டம் ஏதாவது கழற்றினால் அதைப் போகி நெருப்பில் போடாதீர்கள். விறகுதானே என்று தோன்றும், ஆனால் எரிந்தால் ஈயம் புகையாகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலில் அன்றைக்கே பிள்ளைகள் விளையாடுவார்கள். கொட்டாங்குச்சியும் கிழிந்த பாயும் போதும் போகிக்கு.