பிசுபிசுக்காத பழம்

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து தினமும் பேருந்தில் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன். வழியில் பசித்தால் சிப்ஸ், பப்ஸ் வாங்குவதை விட்டுவிட்டுப் பழம் சாப்பிடலாம் என்றிருக்கிறேன். கை பிசுபிசுக்காமல், துணியில் கறை படாமல் சாப்பிட எந்தப் பழம் நல்லது?
— ஒரு வாசகி

பதில்: உங்களுக்குப் பேருந்துக்கு நேரமாகியிருக்கும், கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கொய்யா வாங்குங்கள். கடித்தால் சாறு வழியாது, கொட்டையைத் துப்ப வேண்டாம், ஆரஞ்சைப் போல நாலு மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் ஏலக்கி வாழை எப்போதும் கிடைக்கும். தை மாதத்தில் இலந்தை. அப்புறம் நெல்லி. தகடூர் மண்ணில் பிறந்தவர்களுக்கு அதியமான் கொடுத்த கனியை நான் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை.

ஆனால் ‘பிசுபிசுக்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? வைகாசி, ஆனி வந்தால் செந்தூரா, பீத்தர், மல்கோவா, நீலம் என்று மண்டி மண்டியாகக் குவிகிற இடம் ஆயிற்றே! எங்கள் வீட்டில் மாம்பழம் கொடுக்கும் முன் பாட்டி எங்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிடுவார். எல்லோரும் திண்ணையில் வரிசையாக உட்காருவோம். நாட்டு மாம்பழத்தை உள்ளங்கையில் உருட்டி உருட்டி இளக்கி, காம்பைக் கிள்ளி, முதலில் வரும் பாலை வெளியே விட்டுவிட வேண்டும். பட்டால் வாயோரம் புண்ணாகிவிடும். பிறகு அப்படியே வாயில் வைத்து உறிஞ்சுவதுதான். சாறு முழங்கை வரை வழியும், அதையும் நக்கிக்கொள்வோம். கொட்டையை வெள்ளையாகும் வரை சப்பியவன் கெட்டிக்காரன். கடைசியில் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர். கை சுத்தம், மணம் மட்டும் ராத்திரி வரை போகாது.

சீத்தாவும் இந்தச் சாதிதான். ஆவணி, புரட்டாசியில் மலையோர ஊர்களிலிருந்து கூடையில் வரும் அதைப் பேருந்தில் தின்ன முடியாது. கொட்டையை எங்கே துப்புவீர்கள்? அதற்கு ஒரு வாசலும் கொஞ்சம் பொழுதும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிசுபிசுப்புக்குப் பயந்துதான் நாம் பழத்தை விட்டுவிட்டு பாக்கெட்டுக்குப் போனோம். இது என் பழைய சண்டை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நம் தோப்புகளில் காய்க்கும் கிளிமூக்கு (பெங்களூரா, தோத்தாபுரி எல்லாம் அதன் பெயர்கள்தான்) மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிறது. கூழாகி, வேறெங்கோ தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்து, உறிஞ்சுகுழலோடு நம் பேருந்து நிலையக் கடைக்கே திரும்பி வருகிறது. பழ பானம் என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. மீதி என்ன என்பதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். ஆலைகள் என்ன விலைக்கு எடுக்கின்றனவோ, அதுதான் தோப்புக்காரருக்கு விலை. 2025 பருவத்தில் அது சரிந்தபோது, பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று காயை மரத்தில் விட்டவர்களின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கலப்படமில்லாத முழுச் சாறாகவே வாங்கினால்? அதுவும் பழத்துக்கு ஈடாகாது. குறைத்துக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரையும் சேரும். முழுப் பழத்தில் இருப்பது சேராது. முழுப் பழத்தில் நார் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். மென்று தின்பதால் வயிறும் நிறையும். சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் பப்ஸ் தேடுவோம்.

அதே கிளிமூக்கு இன்னொரு வழியிலும் உங்களிடம் வருகிறது. பருவத்தில் கிருஷ்ணகிரியில் பேருந்து நின்றதும் சன்னலோரம் ஓர் அம்மா தட்டைத் தூக்கிப் பிடிப்பார். செங்காய்ப் பதத்தில் நீளவாக்கில் கீறி, பூப்போல விரித்து, நடுவில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருக்கும். கடித்தால் நறுக்கென்று ஒடியும், சாறு ஒழுகாது. நீங்கள் கேட்ட பழம் இதுதான் அம்மா! செய்தித்தாளில் மட்டும் சுற்றி வாங்காதீர்கள், அச்சு மை வயிற்றுக்குள் போகக் கூடாது. வாழையிலைத் துண்டில் கேளுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுபோங்கள். பழுத்த பழம் வாங்குவதாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் வைக்கிறார்கள். எங்கும் ஒரே மஞ்சளாக இருந்து காம்படியில் மணமே இல்லையென்றால் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

பிசுபிசுப்பு பழத்தின் குற்றம் ஆகாது. நான் அடிக்கடி இறங்கும் ஒரு பேருந்து நிலையத்தில் நாலு குழாய்கள் இருக்கின்றன, ஒன்றிலும் தண்ணீர் வருவதில்லை. கைகழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் யார் மாம்பழம் வாங்குவார்கள்? நீங்கள் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் குழாயைத் திறந்து பார்த்து எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். அதுவரை பையில் ஓர் ஈரத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.