சேராங்கொட்டை லேகியம்: எதைப் பரிசோதித்தார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, மூட்டுவலி. ஊருக்கு வந்த ஒருவரிடம் சேராங்கொட்டை லேகியம் வாங்கினோம். "ஆய்வகத்தில் பரிசோதித்தது, பக்கவிளைவே கிடையாது" என்றார். இரண்டே நாளில் வலி போய்விட்டது. ஆறு வாரமாகச் சாப்பிடுகிறார். தொடரலாமா?

பதில்: அந்த 'இரண்டே நாள்'தான் எனக்கு உறுத்துகிறது.

சேராங்கொட்டை வீக்கத்தைக் குறைப்பதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். காராஜீனன் என்ற கடற்பாசிச் சத்தை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். மருந்து தின்ற எலிக்கு எவ்வளவு வீங்கியது, தின்னாததற்கு எவ்வளவு என்று அளப்பார்கள். 1962 முதல் இதுதான் வழக்கமான முறை. ஆனால் அங்கே சோதித்தது ஆய்வகத்தில் தயாரித்த மருந்தை. உங்கள் வீட்டு டப்பாவை யாரும் சோதிக்கவில்லை.

இப்படி விற்கும் லேகியங்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைப் பொடித்துக் கலப்பது பழைய மோசடி. வலி மாயமாக மறையும், பசி கூடும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். அம்மாவின் முகத்தைப் பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம். டப்பாவை எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.

கலப்படமே இல்லாவிட்டாலும் இது விளையாட்டுச் சரக்கல்ல. கொட்டையின் தோலுக்குள் இருக்கும் கறுப்புப் பால்தான் ஒருகாலத்தில் துணிக்குக் குறிபோடப் பயன்பட்டது. வெளுத்தாலும் போகாது, தோலில் பட்டால் கொப்பளிக்கும். அதனால்தான் கொட்டையின் மூக்கை வெட்டி, 'சுத்தி' செய்த (நச்சை நீக்கிய) பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். முறையாகச் சுத்தி செய்தது பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் மாம்பால் பட்டு வாயோரம் புண்ணாகிறவர்கள், முந்திரிக்கொட்டை உடைக்கும்போது கை வெந்துபோகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், பாலும் ஒரே இனம். முந்திரிப்பருப்பு தின்று ஒன்றும் ஆகவில்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். சங்கதி பருப்பில் இல்லை, ஓட்டிலுள்ள எண்ணெயில். அம்மாவிடம் மாம்பாலைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

சட்டப்படி சேராங்கொட்டை நச்சுச் சரக்குப் பட்டியலில் இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தின் லேபிளில் 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் ஊர்க்காரருக்கு அது யாருக்காக அச்சடித்த வரி? எத்தனை வருஷமாகச் சொல்கிறோம், கேட்பாரில்லை.

லேபிளில் உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண் இருக்கிறதா பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விற்றவர் பேச்சை நம்பாதீர்கள். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வெளியூர் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன்னால் அம்மாவுக்கு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.