கதைப் போட்டிக்கு என்ன பரிசு கொடுப்பது, அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வாசகர் வட்டம் இப்போது இணையத்தில்தான் கூடுகிறது. பாதிப் பேர் தமிழ்நாட்டில், மற்றவர்கள் யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று இருக்கிறார்கள். பொங்கலுக்கு முடிவு அறிவிக்கிற மாதிரி ஒரு சிறுகதைப் போட்டி நடத்த 20,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். பரிசைப் பணமாகக் கொடுப்பதா, புத்தகமா, கேடயமா? ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்களுக்கு எப்படி அனுப்புவது?"

முதலில் ஒன்று. பணம் கைக்கு வந்த பிறகுதான் பரிசுத் தொகையை அறிவிக்க வேண்டும், நீங்கள் அதைச் செய்துவிட்டீர்கள், பாதிக் கவலை தீர்ந்தது. இணையப் போட்டிகள் பெரும்பாலும் கெட்டுப்போவது முடிவு வந்த பிறகுதான். நடுவர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த கதை எழுதப் போய்விடுவார்கள், ஆனால் முதல் பரிசு என்று அறிவித்துவிட்டு ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால் அந்த எழுத்தாளர் உங்களிடம் கேட்கவும் கூச்சப்படுவார், மறக்கவும் மாட்டார். அறிவித்த பரிசு கடன்தான். அதனால் எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போதே, இதை இன்னாருக்கு இந்தத் தேதிக்குள் என்னால் கொண்டுசேர்க்க முடியுமா என்று சேர்த்தே யோசியுங்கள்.

20,000 ரூபாயையும் பரிசாகவே அறிவித்துவிட வேண்டாம். தபால் செலவு, அட்டைப் பெட்டி, சான்றிதழ் அச்சடிப்பு எல்லாம் கடைசியில் யாரோ ஒருவர் கைப்பணத்தில் போகும், அவர் அடுத்த ஆண்டு இந்த வேலைக்கு வரமாட்டார். நான் பிரிப்பதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: முதல் பரிசு 5,000, இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. ஊக்கப் பரிசு ஐந்து பேருக்குத் தலா 600 ரூபாய்க்குப் புத்தகங்கள். நடுவர்கள் இருவருக்குத் தலா 1,000 ரூபாய்க்குப் புத்தகமோ மதிப்பூதியமோ, நூறு கதையைப் படித்துத் தருகிறவர்களை வெறும் நன்றியோடு அனுப்பக்கூடாது. தபாலுக்கும் அச்சுக்கும் 2,500. மீதி 2,500ஐத் தொடாமல் வைத்திருங்கள், அதற்கு வேலை வரும். இரண்டு கதை முதலிடத்தில் சமமாக வந்தால் முதல் இரண்டு பரிசையும் கூட்டி ஆளுக்கு 4,000 என்று பகிர்வோம் என்பதையும் விதிகளிலேயே எழுதிவிடுங்கள், முடிவு வந்த பிறகு அதைப் பேசினால் நன்றாக இருக்காது.

சரி, பணமா புத்தகமா? முதல் மூன்று இடத்துக்குப் பணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதை எழுதிக் காசு பார்ப்பது தமிழில் அபூர்வம், எழுதுகிறவர்களில் பலருக்கு அது வாழ்க்கையில் முதல் எழுத்து வருமானமாக இருக்கும், அதை என்ன செய்வது என்பது அவர்கள் பாடு. ஊக்கப் பரிசுக்குப் புத்தகம் பொருத்தம், ஆனால் நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்பாதீர்கள். போட்டிக்குக் கதை அனுப்புகிற அளவுக்கு எழுதுகிறவர் வீட்டில் பிரபலமான புத்தகங்கள் ஏற்கனவே இருக்கும். "600 ரூபாய்க்குள் உங்களுக்கு வேண்டிய புத்தகங்களைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள், கூடவே ஒரு மாற்றுத் தலைப்பும் வாங்கிக்கொள்ளுங்கள், தமிழில் நல்ல புத்தகங்கள் அடிக்கடி அச்சில் இல்லாமல் போய்விடும். உங்கள் போட்டி பொங்கலை ஒட்டி வருவதால் ஒரு வசதி இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் நடக்கும், பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. முடிவு அதற்குள் வந்துவிட்டால் சென்னையில் இருக்கிற ஓர் உறுப்பினர் பட்டியலோடு போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். இல்லையென்றால் காமன்ஃபோக்ஸ், பனுவல் போன்ற இணையப் புத்தகக் கடைகளில் ஆர்டர் போடும்போதே வென்றவர் முகவரியைக் கொடுத்துவிடலாம், நீங்கள் வாங்கி, கட்டி, மறுபடி அனுப்பும் வேலை மிச்சம். ஆனால் அப்படி நேராகப் போகும் பார்சலில் உங்கள் கடிதம் இருக்காது, அதைத் தனியாக அனுப்ப வேண்டும்.

இணையக் கடைகளின் பரிசு அட்டை சுலபமான வழியாகத் தோன்றும். உள்ளூரில் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை, இந்தியாவில் அவற்றுக்குக் குறைந்தது ஓராண்டு செல்லுபடியும் உண்டு. ஆனால் அமேசான் இந்தியாவில் வாங்கிய அட்டையை அமேசானின் சிங்கப்பூர் தளத்திலோ அமெரிக்கத் தளத்திலோ பயன்படுத்த முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்பினால் அது அப்படியே கிடக்கும்.

கேடயம் வேண்டாம். அக்ரிலிக் கேடயம் ஒன்றுக்கு ஆகும் பணத்தில் இரண்டு நல்ல புத்தகம் வாங்கலாம், கனமும் அதிகம், வழியில் முனை உடைந்து போகிறது. மேடையில் நேரில் கொடுப்பதாக இருந்தால் கேடயத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு, தபாலில் வரும் கேடயத்துக்கு அது இல்லை. சான்றிதழ் கட்டாயம் கொடுங்கள். வென்றவர்களுக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள கெட்டி அட்டையில் அச்சடித்து, கலந்துகொண்ட எல்லோருக்கும் பிடிஎஃப். அச்சுக்குப் போகும் முன் பெயரை அவர்களுக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ரேணுகாவா இரேணுகாவா, முன்னெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா என்பதில் எல்லாம் ஆளுக்கொரு விருப்பம் இருக்கும், தன் பெயர் தப்பாக வந்த சான்றிதழை யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள்.

பைசா செலவில்லாத ஒரு பரிசும் இருக்கிறது, என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிது. பரிசு பெற்ற எட்டுக் கதைகளுக்கும் நடுவர் அரைப் பக்கம் எழுதித் தரட்டும், எந்த இடம் அவரைப் பிடித்து நிறுத்தியது, எங்கே கதை தளர்ந்தது, முடிவு ஏன் வேலை செய்தது என்று. இதை வேலையை ஒப்படைக்கும்போதே நடுவரிடம் சொல்லிவிட வேண்டும், முடிவு கொடுத்த பிறகு கேட்டால் அவருக்குக் கதை பாதி மறந்திருக்கும். அந்தக் குறிப்பைத் தனியாகப் பரிசோடு அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டுமென்றால் எழுதியவரின் சம்மதம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கும் எண்ணம் இருந்தால் அதையும் பரிசாகவே நினையுங்கள். 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை என்ற அமைப்பு மாதம் ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்குப் பன்னிரண்டு கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவந்தது. யாருக்கு எத்தனை ரூபாய் கிடைத்தது என்று இன்று யாரும் பேசுவதில்லை, அந்தத் தொகுப்புகளைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஆனால் "பரிசு பெறும் கதைகளின் உரிமை எங்களுக்கே" என்று விதியில் ஒரு வரி போடும் வழக்கத்தைப் பின்பற்றாதீர்கள். பதிப்புரிமை எழுதியவருக்கே, இந்த ஒரு தொகுப்பில் வெளியிட மட்டும் அனுமதி, ஆளுக்கு இரண்டு பிரதி இலவசம் என்று எழுதுங்கள். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமையை மாற்றித் தருவது எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும், அதனால் உங்கள் அறிவிப்பில் வரும் அந்த ஒற்றை வரி சண்டையைத்தான் கொண்டுவரும்.

அடுத்தது முகவரி, இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். போட்டியில் சேரும்போதே எல்லோரிடமும் முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்காதீர்கள், வென்றவர்களிடம் மட்டும் தனிச் செய்தியில் கேளுங்கள், பரிசு சேர்ந்ததும் அழித்துவிடுங்கள். புனைபெயரில் எழுதுகிறவர்களில் வீட்டில் தெரியாமல் எழுதும் பெண்கள் நிறைய. ஜிபேயில் பணம் அனுப்பப் போனால் வங்கிக் கணக்கில் இருக்கும் சொந்தப் பெயர் வந்து நிற்கும், அந்தத் திரையைப் படம் பிடித்து "பரிசு அனுப்பியாச்சு" என்று குழுவில் போட்டால் அவரது புனைபெயர் அன்றோடு முடிந்தது. ஆகவே சொந்தப் பெயரும் முகவரியும் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். சான்றிதழில் புனைபெயர், பார்சலில் சொந்தப் பெயர், உறையின் வெளியே "சிறுகதைப் போட்டி முதல் பரிசு" என்று எழுதலாமா கூடாதா என்பதைக்கூட அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது தெருவே பார்க்க வேண்டிய பெருமை, சிலருக்குச் சங்கடம். பதினெட்டு வயது நிரம்பாதவர் வென்றால் பெற்றோரிடம் பேசிவிட்டுத்தான் எதுவும்.

உள்ளூர்ப் பணத்துக்கு யுபிஐ போதும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். வென்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) தேவையில்லை, ஓடிபி தேவையில்லை, கூரியர் கட்டணம் என்று நாங்கள் எதுவும் கேட்கமாட்டோம். முடிவு வெளியான அன்றே உங்கள் வட்டத்தின் பெயரில் யாரோ ஒருவர் வென்றவருக்குச் செய்தி அனுப்பிப் பணம் பறிக்கப் பார்ப்பது நடக்கக்கூடியதுதான். தொகை பெரிதாக இல்லாததால் வரிச் சிக்கலும் வராது. லாட்டரி, குறுக்கெழுத்து, இதர விளையாட்டுப் பரிசுகளில் 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது, வருங்காலத்தில் ஒரே பரிசு அந்த அளவைத் தாண்டினால் உங்கள் போட்டிக்கு அது பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புத்தகப் பார்சலுக்குத் தபால் நிலையம்தான் என் தேர்வு. கூரியர்கள் நகரத்தில் வேகமாகப் போகும், ஆனால் பல கிராமங்களுக்கு "பக்கத்து ஊரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வரும். 2025 மே மாதம் தபால் துறை கியான் போஸ்ட் என்று புத்தகங்களுக்கான சேவை ஒன்றைத் தொடங்கியது, 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழி போவதால் மெதுவாகப் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியும். அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், பருவ இதழ்கள் போகாது. இந்தச் சேவை பாட நூல்களுக்கும் சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கும் என்று அறிவிக்கப்பட்டது, உங்கள் கதைப் புத்தகங்களை ஏற்பார்களா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சான்றிதழும் கடிதமும் சேர்ந்து போக வேண்டுமென்றால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால், ரிஜிஸ்டர் போஸ்டில் அனுப்புகிறோம் என்று பழைய வழக்கத்தில் அறிவிக்க வேண்டாம்.

கட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுங்கள், மழைக்கால ஈரம் அட்டையை உப்ப வைத்துவிடும். மேலும் கீழும் புத்தகத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக அட்டை வையுங்கள், அடிபடுவது எப்போதும் மூலைகள்தான். முகவரிச் சீட்டு ஒன்று உள்ளேயும் இருக்கட்டும். வெளியே பின்கோடு, தொலைபேசி எண் இரண்டும் பெரிதாக. கிராமமென்றால் அஞ்சல், வட்டம், மாவட்டம் மூன்றும் வேண்டும். ரசீதை அங்கேயே படம் எடுத்து, பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க உதவும் அதிலுள்ள பதின்மூன்று எழுத்து எண்ணை வென்றவருக்கு அனுப்பிவிடுங்கள், ரசீதுத் தாளின் எழுத்து சில வாரத்தில் மங்கிவிடும்.

கடல் தாண்டிய உறுப்பினர்கள்தான் உங்களுக்குச் சிக்கல் என்று நினைக்கிறீர்கள், அதற்கு முதல் வழி சொல்கிறேன்: அந்தந்த நாட்டில் சேர்ந்த பணம் அந்தந்த நாட்டிலேயே பரிசாகட்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் உறுப்பினர்கள் இலங்கையில் வெல்பவருக்கான பரிசை ஏற்கட்டும், புத்தகமென்றால் பூபாலசிங்கம் புத்தகசாலை போன்ற அங்குள்ள கடையிலேயே வாங்கட்டும். "நீ அங்கே கொடுத்துவிடு, நான் உன் அம்மாவுக்கு இங்கே கொடுக்கிறேன்" என்று சரிக்கட்டுவது சிறிய தொகைதானே என்று தோன்றும், அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது தப்பு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் இங்குள்ள அமைப்பு நன்கொடை வாங்குவதற்கும் தனிச் சட்டம் இருக்கிறது, அதிலும் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூருக்கு மட்டும் 2023 பிப்ரவரியிலிருந்து யுபிஐயையும் அங்குள்ள பேநௌ என்ற பணம் அனுப்பும் வசதியையும் இணைத்திருக்கிறார்கள், உங்கள் வங்கியில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். துபாயில் இருப்பவருக்கு அவரது என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வரும் பணத்துக்காக வைத்திருப்பது) போடலாம், என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்பிவைப்பதற்கானது) இந்திய ரூபாயை இங்கிருந்து போட முடியாது. அவருக்குப் புத்தகமென்றால் ஊரில் உள்ள வீட்டுக்கே அனுப்பிவிடலாம், விடுமுறைக்கு வரும்போது எடுத்துக்கொள்வார்.

எப்படியும் இங்கிருந்துதான் அனுப்ப வேண்டும் என்றால் சுங்கப் படிவம், அடையாள அட்டை நகல் இரண்டோடும் போங்கள், எடை போட்டு விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள், பல சமயம் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டும். தேதியும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுங்க விதி மாறியதும் இந்தியத் தபால் துறை அங்கே பார்சல் எடுப்பதையே நிறுத்தியது, திரும்பத் தொடங்க அக்டோபர் ஆனது.

முடிவு அறிவித்த மறுநாளே பரிசை அனுப்பிவிடாமல் பத்து நாள் விடுங்கள். ஏற்கனவே வேறெங்கோ வந்த கதை, திருடிய கதை என்றால் அதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள், அனுப்பிய பணத்தைத் திருப்பிக் கேட்பது யாருக்கும் அழகில்லை. அப்புறம் முப்பது நாளுக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். வென்றவர் பதிலே தரவில்லை என்றால் செய்தி, மின்னஞ்சல், தெரிந்தவர் வழி என்று மூன்று விதத்திலும் கேட்டுப் பாருங்கள், மூன்று மாதம் காத்திருப்போம், அதன்பின் தொகை அடுத்த போட்டிக்குப் போகும் என்று விதியில் இருந்தால் மனக்கசப்பு வராது. வீடு பூட்டியிருந்து பார்சல் திரும்பி வந்தால் அவரிடம் செலவு கேட்காமல், எந்த நாளில் வீட்டில் இருப்பார் என்று மட்டும் கேட்டு இன்னொரு முறை அனுப்புங்கள். தொடாமல் வைக்கச் சொன்ன 2,500 ரூபாய் அதற்குத்தான்.